திரும்பத் திரும்ப நின்றுபோகும் கணிப்பொறி

கணிப்பொறி என்பது பெரிய நிறுவனங்களிலும் ஆராய்ச்சிக் கூடங்களிலும் மட்டுமே காணக்கூடிய அரும்பொருளாக இருந்த காலம் ஒன்று உண்டு. இன்று கோபிசெட்டிபாளையத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும், தடப்பள்ளி வாய்க்கால் பாயும் வயலோரத்துச் சாளைகளிலும்கூட அது ஒரு மேசையின்மீது இடம் பிடித்துவிட்டது. 2011ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் பயனாக, அதுவரை கணிப்பொறியைத் தொட்டும் பாராத பல குடும்பங்களுக்குள் அது நுழைந்தது. நம்மில் பலர் வீட்டில் இருப்பது அவ்வாறு அண்ணனுக்கோ அக்காளுக்கோ கிடைத்த பழைய மடிக்கணினியாகவோ, ஈரோட்டிலோ கோவையிலோ இரண்டாம் கையாக வாங்கிய மேசைக் கணிப்பொறியாகவோதான் இருக்கும்.

இத்தகைய பொறிகளுக்கு வரும் நோய்களுள் மனத்தை மிகவும் வருத்துவது, வேலை செய்துகொண்டிருக்கும்போதே திடீரென்று நின்றுபோதல். 'கிராஷ் ஆகிவிட்டது' என்று நாம் சொல்வது இதனைத்தான். முற்றிலும் பழுதடைந்த பொறியைக் கடையில் கொடுத்துவிடலாம். அரைமணி நேரம் நன்றாக ஓடி, பின் நின்று, மறுபடியும் ஒன்றுமே நடவாததுபோல் ஓடும் பொறியை என்ன செய்வது? கடைக்கு எடுத்துச் சென்றால் அங்கே அது நல்ல பிள்ளைபோல் நாள் முழுதும் ஓடுகிறது. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றிரவே மீண்டும் நிற்கிறது.

எங்கள் வீட்டுப் பொறி அப்படித்தான் நின்றது. என் செய்முறைக் குறிப்புகளும், தங்கையின் பாடங்களும், அப்பா மாதந்தோறும் எழுதி வைக்கும் பால் கணக்கும் மஞ்சள் கணக்கும் அதற்குள் இருந்தன. பார்த்த சர்வீஸ்காரர், "மதர்போர்டு போயிருச்சுங்க, புதுசு வாங்கிக்கறதுதான் நல்லது" என்று கூறி, இருபத்தைந்தாயிரம் ரூபாய் கணக்குச் சொன்னார். எங்கள் வீட்டில் அது ஒரு கறவை மாட்டின் பாதி விலை. மாட்டைக் கொடுத்துவிடலாமா என்றுகூட அப்பா யோசித்தார். "ஒரு மாசம் பொறுங்கப்பா, பாத்துட்டுச் சொல்றேனுங்க" என்றேன். அந்த ஒரு மாதத்தில் செய்தவற்றையும், அதற்காகப் படித்தறிந்தவற்றையும் மாணவ நண்பர்களுக்குப் பயன்படுமாறு இங்கே எழுதுகிறேன். நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றே: பொறி ஏன் நின்றது என்று கேட்பதற்கு முன், எப்போது நின்றது என்று கேட்க வேண்டும்.

நிற்பதிலும் வகை உண்டு

'நின்றுவிட்டது' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு நிகழ்ச்சிகள் அடங்கியுள்ளன. முதலாவது, திரை சட்டென்று இருண்டு, யாரோ பிளக்கைப் பிடுங்கிச் செருகியது போலப் பொறி மறுபடியும் தொடங்குதல். இரண்டாவது, விண்டோஸ் தானே ஓர் அறிவிப்பைத் திரையில் காட்டிவிட்டு நிற்றல். இதுவே புகழ்பெற்ற நீலத்திரை. (விண்டோஸ் 11இல் 2025ஆம் ஆண்டு முதல் மைக்ரோசாஃப்ட் அதனைக் கறுப்புத் திரையாக மாற்றிவிட்டது. நிறம் மாறினாலும் பொருள் ஒன்றே.) மூன்றாவது, திரையில் இருந்த படம் அப்படியே உறைந்து, மவுசும் நகராமல், மணிக்கணக்கில் கிடத்தல்.

முதல் வகையில் விண்டோசுக்கு ஒரு சொல் எழுதக்கூட அவகாசம் கிடைக்கவில்லை என்று பொருள். அடியில் இருந்த மின்சாரமே நழுவியிருக்க வேண்டும், அல்லது வெப்பம் தாளாமல் பொறி தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாம் வகையில் விண்டோஸ் உயிருடன் இருந்தது. தொடர்ந்து ஓடினால் கோப்புகள் கெடும் என்று கண்டு, தானே நிறுத்தியது. ஆகவே நீலத்திரையைக் கண்டு பயப்படுவதைவிட, அது நமக்கு எழுதி வைத்த சீட்டு என்று கொள்வதே அறிவுடைமை.

ஆனால் பெரும்பாலான பொறிகளில் அந்தச் சீட்டைப் படிக்க முடிவதில்லை. நீலத்திரை தோன்றியவுடன் தானாகவே மீண்டும் தொடங்குமாறு விண்டோசை முன்கூட்டியே அமைத்திருக்கிறார்கள். சிஸ்டம் ப்ராப்பர்ட்டீசில் அட்வான்ஸ்டு என்ற பகுதிக்குப் போய், ஸ்டார்ட்-அப் அண்டு ரெக்கவரியில் 'ஆட்டோமெட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்ற கட்டத்தில் உள்ள குறியை எடுத்துவிட வேண்டும். அதன்பின் திரை நிற்கும், பெயரை எழுதிக்கொள்ளலாம்.

ஆராய்ச்சியைத் தொடங்குமுன் செய்ய வேண்டிய காரியம் இன்னொன்று உண்டு. இழக்கக்கூடாத கோப்புகளை எல்லாம் ஒரு பென்டிரைவிலோ வேறு பொறியிலோ படியெடுத்து வைக்க வேண்டும். ஒரு கோப்பு பாதி எழுதப்பட்டிருக்கும்போது பொறி நின்றால் அக்கோப்பு போயிற்று. திரும்பத் திரும்ப நிற்கும் பொறியில் இந்த ஆபத்து ஒவ்வொரு முறையும் உள்ளது. கணக்குப் புத்தகத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் ஒழுகும் கூரையில் ஏற வேண்டும்.

குறிப்பேடு

நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கணிப்பொறியின் பக்கத்திலேயே கயிறு கட்டித் தொங்கவிட்டேன். வீட்டில் யார் உட்கார்ந்திருந்தாலும், நின்றவுடன் நான்கு செய்திகள் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு: தேதியும் மணியும், தொடங்கி எத்தனை நிமிடம் ஆயிற்று, அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம், திரையில் என்ன தோன்றியது. தங்கை முதலில் சிரித்தாள்; பிறகு என்னைவிட ஒழுங்காக எழுதியவள் அவளே.

பொறியும் தன் பங்குக்கு ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது. விண்டோசில் 'ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று தேடினால், நாள்வாரியாக ஒரு கட்டம் தோன்றும். பொறி நின்ற நாள்களில் சிவப்புப் பெருக்கல் குறி இருக்கும். விண்டோஸ் விஸ்டா வந்த நாள் முதல் உள்ள வசதி இது, அறிந்தோர் சிலரே. இன்னும் நுணுக்கமாக வேண்டுமாயின் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் என்ற பகுதியைத் திறந்து, 'கெர்னல்-பவர்' என்ற பெயரும் 41 என்ற எண்ணும் கொண்ட பதிவுகளைப் பார்க்க வேண்டும். 'முறையாக அணைக்கப்படாமல் பொறி மீண்டும் தொடங்கியது' என்பதே அதன் கருத்து. அதன் உள்விவரத்தில் 'பக்செக் கோட்' என்ற வரியில் பூச்சியம் இருந்தால் நீலத்திரை தோன்றவே இல்லை. வேறு எண் இருந்தால் தோன்றியது. உறைந்துபோன பொறியை நாமே பொத்தானை அழுத்தி அணைத்தாலும் இதே 41 பதிவாகும் என்பதால், கைக்குறிப்பும் கூடவே தேவைப்படுகிறது.

முப்பது நாள்களில் இருபத்தாறு முறை நின்றிருந்தது. அதுவரை நாங்கள் ஒரே நோய் என்று எண்ணியிருந்தது, எழுதிப் பார்த்ததும் இரண்டாகப் பிரிந்தது. பதினேழு முறை அறிவிப்பு எதுவுமின்றி மறுதொடக்கம். ஒன்பது முறை நீலத்திரை. அந்தப் பதினேழில் பதின்மூன்று, காலை ஆறரை மணியை ஒட்டியோ இரவு ஒன்பதரை மணியை ஒட்டியோ நிகழ்ந்திருந்தன. நீலத்திரைகளுக்கோ அத்தகைய நேர ஒழுங்கு எதுவும் இல்லை.

மூணு பேஸ் வரும் நேரம்

நோட்டைப் புரட்டிய அம்மா, கணிப்பொறியைப் பற்றி எதுவும் அறியாதவர், "இது மூணு பேஸ் கரண்டு வர்ற நேரமில்லையா சாமி" என்றார். அவ்வளவுதான், பாதி வழக்கு அங்கேயே தீர்ந்தது.

தோட்டத்து வீடுகளில் வாழ்வோர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. நகரத்து நண்பர்களுக்காகக் கூறுகிறேன். நான் குறிப்பு எழுதிய மாதத்தில் எங்கள் பகுதிக் கிணறுகளுக்கு மும்முனை மின்சாரம் அந்த இரு நேரங்களில் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மோட்டாரிலும் ஆட்டோ ஸ்டார்ட்டர் உண்டு. மின்சாரம் வந்ததும், ஆள் போய்ப் பொத்தானை அழுத்தாமலே மோட்டார் ஓடத் தொடங்கும். இண்டக்ஷன் மோட்டார் ஒன்று நின்ற நிலையிலிருந்து வேகம் பிடிக்கும் அந்தச் சில விநாடிகளில், வழக்கமாக இழுக்கும் மின்னோட்டத்தைப்போல் ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். ஒரே டிரான்ஸ்ஃபார்மரின் கீழ் ஏழெட்டு மோட்டார்கள் ஏறத்தாழ ஒரே நொடியில் அவ்வாறு இழுத்தால், நீண்ட கம்பியின் கடைசியில் உள்ள வீட்டுக்கு மின்னழுத்தம் தாழ்ந்தே வரும். குண்டு பல்பு இருந்த காலத்தில் அது மங்குவதைக் கண்ணால் கண்டோம். எல்.இ.டி. விளக்கு வந்தபின் அந்த மங்கல் பெரிதும் மறைந்துவிட்டது.

நண்பரிடம் மல்டிமீட்டர் வாங்கி வந்து அளந்தேன். 228 வோல்ட் காட்டிக்கொண்டிருந்த முள், மோட்டார்கள் கிளம்பியதும் 174க்கு இறங்கி மெல்ல ஏறியது. முள் மெதுவாக அசைவது; எனவே உண்மைத் தாழ்வு இன்னும் ஆழமாகவே இருந்திருக்கும்.

இனி, கணிப்பொறிப் பெட்டிக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். என்ற பகுதியைப் பார்ப்போம். எங்களுடையது பின்புறம் 115, 230 என்ற சிவப்பு மாற்றி உள்ள பழைய வகை. இவ்வகை 230இல் இருக்கும்போது 180 வோல்ட் வரைதான் தாங்க வேண்டும் என்பது அதற்கு வகுத்த நியதி. (அந்தச் சிவப்பு மாற்றியை எவரும் 115க்குத் தள்ளிப் பார்க்க வேண்டாம், நம் நாட்டு மின்சாரத்தில் உடனே வெடிக்கும்.) மின்சாரம் அறவே அறுந்தாலும் உள்ளே சேமித்த ஆற்றலைக் கொண்டு முழுச் சுமையில் ஏறத்தாழ 16 மில்லி விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதும் நியதியே. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. ஆதலால் ஒரு சுற்று 20 மில்லி விநாடி. அதாவது ஒரு சுற்று முழுதாகத் தவறினால்கூட நல்ல எஸ்.எம்.பி.எஸ். தள்ளாடும், வயதானதோ அதற்கு முன்பே விழும். வெளியீடு தாழ்ந்ததும், மதர்போர்டுக்கு அது அதுவரை அனுப்பிக்கொண்டிருந்த 'பவர் குட்' என்னும் சைகை அறுகிறது. மதர்போர்டு அக்கணமே எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குகிறது. நீலத்திரை காட்ட நேரம் ஏது?

கடையில் ஏன் நிற்கவில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. கடைவீதியில் கிணறு இல்லை.

சந்தேகத்தைச் சோதனையால் உறுதி செய்யாமல் பணத்தைச் செலவழிக்கலாகாது. தெரிந்த வீட்டில் 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்றைக் கேட்டு வாங்கி, வேறு எதையும் மாற்றாமல், பத்து நாள் அதன்மூலம் ஓட்டினேன். அறிவிப்பில்லாத மறுதொடக்கம் ஒன்றுகூட இல்லை. பிறகு யு.பி.எஸ்.சை எடுத்துவிட்டு மூன்று நாள் ஓட்டியபோது, இரண்டாம் நாள் காலை ஆறு முப்பத்திரண்டுக்கு நின்றது. வைத்தால் நிற்கவில்லை, எடுத்தால் நிற்கிறது என்று இருபுறமும் கண்ட பின்பே அப்பாவிடம் யு.பி.எஸ். வாங்கச் சொன்னேன்.

ஸ்பைக் கார்டு என்று விற்கப்படும் நீண்ட பலகையை இதற்கு மருந்தாக நம்புவோர் உளர். அது மிகுதியாக வரும் அழுத்தத்தைத் தடுக்க உதவலாம். குறைந்துபோன அழுத்தத்தை எங்கிருந்து கொண்டுவந்து நிரப்பும்? வீட்டு இன்வெர்ட்டர் இருப்பவர்கள் அதன் பின்புறத்தில் 'யு.பி.எஸ்.' என்றும் 'நார்மல்' என்றும் ஒரு மாற்றி உள்ளதா என்று பார்க்கலாம். நார்மலில் இருந்தால் மின்விசிறிக்கும் விளக்குக்கும் போதும். மாறும் இடைவெளி நீளமாதலால் கணிப்பொறி விழுந்துவிடும்.

ஓட்டைச் சாக்கு

யு.பி.எஸ். இருந்த அந்தப் பத்து நாள்களிலும் நீலத்திரை மட்டும் மூன்று முறை வந்தது. ஆகவே அது வேறு நோய்.

ஒன்பது பழைய சீட்டுகளையும் மூன்று புதிய சீட்டுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று ஒரு நாள், 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா' என்று ஒரு நாள், 'ஐ.ஆர்.க்யூ.எல். நாட் லெஸ் ஆர் ஈக்வல்' என்று ஒரு நாள். குற்றஞ்சாட்டப்பட்ட கோப்பின் பெயரும் நாளுக்கு ஒன்றாக இருந்தது. இந்தத் துறையில் அனுபவமுள்ளோர் கையாளும் ஒரு பாகுபாடு உண்டு: ஒவ்வொரு முறையும் ஒரே பெயர், ஒரே டிரைவர் என்றால் அந்த மென்பொருளைச் சந்தேகிக்கலாம், ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர் என்றால் நினைவகத்தை, அதாவது ரேமை, முதலில் பார்க்க வேண்டும்.

இதன் காரணம் எளிது. சாக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்று நெல்லைப் போட்டால் நெல் சிந்தும், நாளை மஞ்சளைப் போட்டால் மஞ்சள் சிந்தும். சிந்தியதைப் பார்த்து நெல்லையும் மஞ்சளையும் குறைசொல்வது தகுமா? ரேமில் கோடிக்கணக்கான சிற்றறைகளுள் ஓர் அறை பழுது. அங்கே இன்று விண்டோசின் உள்ளுறுப்பு ஒன்று வந்து தங்குகிறது, நாளை ஒரு புகைப்படம் தங்குகிறது. புகைப்படம் தங்கினால் ஒரு புள்ளியின் நிறம் மாறும், யாரும் கவனியார். உள்ளுறுப்பு தங்கினால் பொறியே நிற்கும். பால் கணக்கு தங்கினால் ஓர் எண் மாறிப்போய், பொறி நிற்காமலே நம்மை ஏமாற்றக்கூடும். நான் அஞ்சியது இதற்குத்தான்.

ரேமைச் சோதிக்க விண்டோசுக்குள்ளேயே 'மெமரி டயக்னாஸ்டிக்' என்ற கருவி உள்ளது. அதனினும் கண்டிப்பானது மெம்டெஸ்ட்86+ என்னும் இலவச நிரல். அதைப் பென்டிரைவில் ஏற்றி, விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே அதிலிருந்து பொறியைத் தொடங்க வேண்டும். ஒவ்வோர் அறையிலும் ஒன்றையும் பூச்சியத்தையும் பல கோலங்களில் எழுதி, திரும்பப் படித்து, எழுதியதே வருகிறதா என்று அது பார்க்கும். ஒருமுறை முழுதும் சுற்றிவர ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். இரவு படுக்கும்போது ஓடவிட்டுக் காலையில் பார்ப்பதே நலம். ஓர் இரவு முழுதும் ஒரு பிழைகூட வரக்கூடாது. 'ஒன்றிரண்டுதானே' என்று விடுவதற்கு இடமில்லை.

எங்கள் பொறியில் 4 ஜி.பி. பலகைகள் இரண்டு இருந்தன. முதல் மணி நேரத்திலேயே சிவப்பு வரிகள் விழுந்தன. இங்கே பலர் இரண்டையும் தூக்கி எறிந்துவிடுவார்கள், அல்லது மதர்போர்டைக் குறைசொல்வார்கள். பொறுமையாக ஒவ்வொன்றாக மாற்றினால் எது குற்றவாளி என்று ஐயமறத் தெரியும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரண்டையும் எடுத்து, தங்கநிற விளிம்புகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு மீண்டும் சோதித்தேன்; பிழை தொடர்ந்தது. முதற்பலகையை மட்டும் முதல் துளையில் செருகினேன்: பிழையில்லை. அதையே இரண்டாம் துளையில்: பிழையில்லை. ஆக, துளைகள் இரண்டும் நல்லவை. மதர்போர்டின்மீது சுமத்திய பழி நீங்கியது. இரண்டாம் பலகை எந்தத் துளையில் இருந்தாலும் பிழை தந்தது. நான்கு இரவுகள் ஆயின. அதே அளவுள்ள பழைய பலகை ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தது. யு.பி.எஸ்.சையும் சேர்த்து மொத்தச் செலவு நாலாயிரத்தைத் தாண்டவில்லை. மாடு தொழுவத்திலேயே இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு சுவையான செய்தியைக் கூறாமல் செல்ல மனம் வரவில்லை. ரேம் பழுதின்றி இருந்தாலும் எப்போதாவது ஓர் அறையின் மதிப்பு தானே மாறிவிடும். 1970களின் இறுதியில் இன்டெல் நிறுவனத்தின் டிமோத்தி மே, முர்ரே வுட்ஸ் ஆகிய இருவர், சில்லை மூடியிருந்த பீங்கான் உறையில் கலந்திருந்த மிகச் சிறிதளவு யுரேனியமும் தோரியமும் வெளியிட்ட ஆல்ஃபா துகள்களே இத்தகைய பிழைகளுக்குக் காரணம் என்று கண்டறிந்தனர். விண்ணிலிருந்து வரும் அண்டக்கதிர்களும் இதைச் செய்யவல்லவை. நமக்கு அருகில் உதகமண்டலத்தில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுக்கூடம் ஆராய்வது இக்கதிர்களையே. 2003ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டுத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்குகள் மிகையாக விழுந்திருந்தன. இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வருவது 4096. எனவே ஒரே ஓர் அறை புரண்டதுதான் காரணம் என்று முடிவு கட்டினர். அண்டக்கதிர் என்று ஊகித்தனர். ஆனால் நண்பர்களே, ஆண்டுக்கு ஒருமுறை நின்ற பொறிக்கு வேண்டுமானால் விண்மீன்களைக் காரணம் காட்டலாம். மாதத்தில் ஒன்பது முறை நிற்பதற்கு அவை பொறுப்பேற்கமாட்டா.

வெயிலும் பஞ்சும்

எங்கள் பொறிக்கு இல்லாத, ஆனால் நம் பகுதியில் மிகுதியாகக் காணப்படும் நோய் வெப்பம். இதன் நேர ஒழுங்கு தனி. கடிகார மணியோடு இதற்குத் தொடர்பில்லை. தொடங்கிய பின் கழிந்த நிமிடங்களோடு தொடர்புண்டு. குளிர்ந்த பொறி நாற்பது நிமிடம் ஓடும், நிற்கும். உடனே தொடங்கினால் பத்தே நிமிடத்தில் மீண்டும் நிற்கும். ஒரு மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி நாற்பது நிமிடம் ஓடும். மார்கழியில் தொல்லை தராதது சித்திரைப் பிற்பகலில் தரும். குறிப்பேட்டில் இந்த ஒழுங்கு தெரிந்தால் வேறெதையும் தேட வேண்டாம், பெட்டியைத் திறந்து பார்க்கலாம்.

தறி ஓடும் ஊர்களில் பறக்கும் பஞ்சும், நெல் அரைக்கும் ஆலையின் தவிட்டுத் தூசியும் பிராசசரின்மேல் உள்ள உலோகத் தகடுகளுக்கிடையே படிந்து கம்பளிபோல் அடைத்துக்கொள்ளும். பிராசசர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு சூட்டைத் தணிக்க முயலும். முடியாதபோது ஏறத்தாழ நூறு டிகிரி செல்சியசை ஒட்டித் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். தூசியை ஊதும்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் அது அளவுமீறிச் சுழன்றால் கெடும். பல ஆண்டு பழைய பொறியில் தகட்டுக்கும் பிராசசருக்கும் இடையே பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடிந்திருக்கும். புதிதாகப் பூச வேண்டும். மெத்தைமேல் வைத்து மடிக்கணினியை ஓட்டும் வழக்கத்தை விட்டாலே பாதிப் பேருக்குக் குணமாகிவிடும் என்பது என் கருத்து.

திறந்த பெட்டிக்குள் இன்னொன்றையும் கண்ணால் பார்த்துவிடலாம். மதர்போர்டில் சிறு உருளைகள்போல் நிற்பவை கெப்பாசிட்டர்கள். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியோ பழுப்புநிறக் கசிவோடோ இருந்தால் அவை போயின. 1999 தொடங்கிச் சில ஆண்டுகள், உள்ளே நிரப்பும் திரவத்தின் கலவை பிழையாக இருந்ததால், உலகெங்கும் எண்ணற்ற போர்டுகளில் இவை உப்பி வெடித்தன. இரண்டாம் கைப் பொறி மிகப் பழையதாயின் இதைப் பார்த்தே வாங்க வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாரும் திறக்கலாகாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதனுள் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.

சீட்டு பொய் சொல்லும்போது

மென்பொருளால் நிற்பதற்கு உரிய நேரக்குறி, 'இன்ன தேதியிலிருந்து' என்பது. நேற்றுவரை நன்றாக ஓடியது. புதிய டிரைவரோ அப்டேட்டோ வந்த நாளிலிருந்து நிற்கிறது. 2024 ஜூலை 19ஆம் நாள் உலகமே இதைக் கண்டது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு அன்று காலை அனுப்பப்பட்ட ஒரு சிறு கோப்பில் இருபத்தொரு உள்ளீடுகள் எதிர்பார்க்கப்பட்டன. நிரல் தந்ததோ இருபது. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடிப்போன விண்டோஸ் நீலத்திரையோடு நின்றது, மீண்டும் தொடங்கியது, மீண்டும் நின்றது. ஏறத்தாழ 85 இலட்சம் பொறிகள் இவ்வாறு சுழன்றன. சென்னை விமான நிலையத்திலும் அன்று பயணச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது நிறுவனங்கள் பயன்படுத்தும் மென்பொருளாதலால் வீட்டுப் பொறிகள் பெரும்பாலும் தப்பின. ஆயினும் அன்று கையாண்ட வைத்தியம் நமக்கும் உரியதே: சேஃப் மோடில், அதாவது இன்றியமையாத டிரைவர்கள் மட்டும் ஏறும் நிலையில் பொறியைத் தொடங்கி, கடைசியாக வந்ததை நீக்குதல்.

அடுத்து, சீட்டையே நம்பினால் எவ்வளவு வழிதவறலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இன்டெல்லின் பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறை உயர்வகைப் பிராசசர்களை வாங்கியவர்களின் பொறிகள் விளையாட்டுகளின் நடுவே திரும்பத் திரும்ப நின்றன. திரையில் தோன்றிய செய்தி, 'வீடியோ மெமரி போதவில்லை' என்பது. படித்தவர்கள் கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தார்கள். உண்மையில் பழுது பிராசசரில் இருந்தது. அதற்குரிய மைக்ரோகோட் தேவைக்கு மிகுதியான மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கி, பிராசசரை மெல்ல மெல்லத் தேய்த்துவிட்டிருந்தது. 2024 ஜூலையில் இன்டெல் இதனை ஒப்புக்கொண்டு, ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்தங்கள் வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது. ஏற்கெனவே தேய்ந்தவற்றைத் திருத்தம் குணப்படுத்தவில்லை. சீட்டு சொல்வது, விழுந்தவன் எந்த இடத்தில் விழுந்தான் என்பதை. தடுக்கிய கல் சில அடி முன்னால் இருந்திருக்கலாம்.

கடைகளில் இப்போது சொல்லப்படும் இன்னொரு காரணத்தையும் குறிப்பிட வேண்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிந்துவிட்டது, அதனால்தான் நிற்கிறது என்கிறார்கள். ஆதரவு முடிந்தால் பாதுகாப்புத் திருத்தங்கள் வழக்கம்போல் வாரா என்பது மெய். அதனால் ஆபத்து உண்டு என்பதும் மெய். அதற்காகப் பொறி காலை ஆறரைக்கு நிற்காது.

நோய் இயந்திரத்திலா விண்டோசிலா என்று எவ்வளவு பார்த்தும் பிடிபடாதபோது, கடைசியாக ஒரு வழி உண்டு. விண்டோசைத் தொடாமல், பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ் ஒன்றில் பொறியைத் தொடங்கி, இரண்டு மூன்று நாள் அதிலேயே வேலை செய்து பார்ப்பது. அதிலும் நின்றால் பழுது பெரும்பாலும் இயந்திரத்தில். நிற்காவிட்டால் விண்டோசிலோ அதன் டிரைவர்களிலோ. தொடக்க ஆண்டுகளில் வந்த அரசு மடிக்கணினிகளில் விண்டோசுடன், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் சேர்ந்தே வந்தது; பலரும் திறந்துகூடப் பார்க்காத அது இந்தச் சோதனைக்குக் கைமேல் உள்ள கருவி. மடிக்கணினியில் பேட்டரி நன்றாக இருக்கும்வரை மோட்டார் நேரத்துத் தாழ்வு தெரியாது என்பதால், அங்கே வெப்பத்தையும் பழைய ஹார்டு டிஸ்க்கையுமே முதலில் பார்க்க வேண்டும். 'டிக் டிக்' என்ற ஒலியோடு உறைந்து நின்றால் டிஸ்க்தான். அன்றே எல்லாவற்றையும் படியெடுத்துக்கொள்ளுங்கள்.

மெம்டெஸ்ட் ஏற்றிய பென்டிரைவ் ஒன்றும் லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ் ஒன்றும் என்னிடம் உள்ளன. வேண்டிய நண்பர்கள் மாலையில் வாங்கிச் சென்று, ஓர் இரவு ஓடவிட்டு, மறுநாள் முதல் வகுப்புக்கு முன் திருப்பித் தரலாம். வரும்போது நின்ற தேதியும் மணியும் எழுதிய தாள் ஒன்றையும் கொண்டுவந்தால் பேசுவதற்கு எளிதாக இருக்கும்.